மெத்தைக்கடைச் சித்தியின் பந்து

மதியத்துக்குப் பிறகு சித்தியின் கடையில் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். மெத்தை வாங்க வந்தவர்கள்தான். கையால் இரண்டு அமுக்கு அமுக்கிவிட்டு விலை கேட்பவர்களைச் சித்தி விடமாட்டாள்.

"செருப்பைக் கழட்டிட்டு ஏறிப் படுங்க சார். கூச்சப்படாதீங்க. கண்ணை மூடிக்கோங்க. நான் அந்தப் பக்கம் போயிடறேன்" என்பாள். சொன்னபடி போயும்விடுவாள். மின்விசிறி சுற்றும். கண்ணாடிக் கதவு தெருச் சத்தத்தை வெளியிலேயே நிறுத்திவைக்கும். அவசர அவசரமாக வந்த மனிதர் கொஞ்ச நேரத்தில் வாயைத் திறந்தபடி வேறு உலகத்துக்குப் போயிருப்பார். அவர் எந்தப் பக்கம் புரள்கிறார், தோள் எவ்வளவு அமுங்குகிறது, முழங்காலை மடக்குகிறாரா என்றெல்லாம் சித்தி கல்லாவுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் எழுந்ததும், "இது உங்களுக்குச் சரிப்படாது சார். அந்தச் சாம்பல் கலர்ல படுத்துப் பாருங்க" என்பாள். பெரும்பாலும் அவர் சாம்பல் நிறத்தைத்தான் வாங்கிக்கொண்டு போவார்.

சித்தியிடம் இருந்தது ஒரே ஒரு விதி. லேசான உடம்புக்கு மெத்தென்று இருக்க வேண்டும். கனத்த உடம்புக்குக் கெட்டியாக இருக்க வேண்டும். இதை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷமாக ஊரில் பாதிப்பேரைத் தூங்கவைத்திருக்கிறாள்.

நான் தேசம் தேசமாகச் சுற்றிவிட்டு ஒற்றைப் பையோடு திரும்பி வந்தபோது நேராகச் சித்தி வீட்டுக்குத்தான் போனேன். அம்மா கேள்வி கேட்பாள். அம்மாவின் தங்கையான சித்தி படுக்கை போடுவாள். கடையில் விலைபோகாத மெத்தைகள் அவள் வீட்டு நடு அறையில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. அவற்றின் உச்சியில் ஏறிப் படுத்துக்கொண்டு, அடுத்து எங்கே போவது என்று யோசித்தபடி தூங்கிப்போவேன். பகலில் வேறு வேலை இல்லாததால் கடையில் போய் உட்கார்ந்துகொள்வேன். அப்படித்தான் இந்தப் பந்து விவகாரத்தில் மாட்டிக்கொண்டேன்.

கடைக்கு எதிரே சாலை. சாலைக்கு அந்தப் பக்கம் நகராட்சியின் கோல்ஃப் மைதானம். கடையின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி என்பதால் படுக்கைகளுக்கு மேலே எந்நேரமும் பச்சையாக ஒரு மேடும் சரிவும் தெரிந்துகொண்டேயிருக்கும். அதில் சின்னச் சின்ன உருவங்கள் பையை இழுத்துக்கொண்டு மெதுவாக நகரும், நிற்கும், ஒன்று கையை வீசும், மறுபடி எல்லாம் நகரும். சத்தமே வராது. மழை நாட்களில் கண்ணாடியில் நீர் வழியும்போது அந்த உருவங்களும் கரைந்து ஓடுவதுபோல இருக்கும்.

"எல்லாரும் என் மெத்தையில ஏறிப் படுக்குறாங்க. எதிர்ல பார்த்தா அவ்வளவு பெரிய மெத்தை விரிச்சுக் கெடக்கு, ஒருத்தரும் படுக்கலை, நடக்குறாங்க. நாமளும் ஒருநாள் நடந்துதான் பார்ப்போமேன்னு போனேன்" என்று, தான் ஆட ஆரம்பித்த கதையைச் சித்தி எனக்குச் சொன்னாள். வார விடுமுறையில் போய் வாடகை மட்டையில் ஆரம்பித்தாள். இப்போது சொந்த மட்டைகள், சொந்தப் பை.

அந்தப் பையைத் திறந்து பார்த்தால் சிரிப்பு வரும். மைதானத்துப் பந்துக்கடை வாசலில் ஒரு கூடை இருக்கும். குளத்திலிருந்தும் புதரிலிருந்தும் பொறுக்கிய பழைய பந்துகளை அதில் கொட்டி மலிவாக விற்பார்கள். சித்தியின் பந்துகளெல்லாம் அங்கிருந்து வந்தவை. ஒன்று மஞ்சள், ஒன்று ஆரஞ்சு, ஒன்று பளபளப்புப் போனது, ஒன்று யாரோ பேனாவால் மீசை வரைந்தது. கோல்ஃபில் ஒவ்வொரு குழியும் ஒரு தனி ஆட்டம், தொடங்கும் இடத்திலிருந்து பந்தை அடித்து அடித்துக் குழிக்குள் சேர்க்க வேண்டும். எந்தக் குழிக்கு எந்தப் பந்து என்று கணக்கு வைத்திருந்தாள். நீளமான புல்வெளிக்குக் கெட்டிப் பந்து. கிட்டத்திலிருக்கும் குழிக்கு மெத்துப் பந்து. மரத்தடி இருட்டுக்கு ஆரஞ்சு. நடுவில் குளம் குறுக்கிடும் இடத்துக்கு மட்டும் இருப்பதிலேயே மோசமானது. "போனாப் போகுதுன்னு அடிக்கலாம்ல" என்பாள். அடிப்பாள், அதுவும் சொன்னபடி போய்விடும். ஆளுக்கேற்ற மெத்தை மாதிரி குழிக்கேற்ற பந்து. ஒரு குழி முடிந்து அடுத்தது தொடங்கும்போது பந்தை மாற்றிக்கொள்வதில் தப்பும் இல்லை.

சித்தப்பாவுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. உயரமான கட்டடங்களின் உள்ளே இருட்டுக் குழாய்களில் தொங்கிக்கொண்டிருந்துவிட்டு வீடு திரும்புகிறவர். சித்தியின் பையைப் பார்க்கும்போதெல்லாம், "உங்க சித்தி விளையாடப் போறாளா, பந்துகளை வாக்கிங் கூட்டிட்டுப் போறாளா?" என்று கேட்பார்.

அந்த வருஷம்தான் மைதானத்துப் பெண்கள் அணியில் ஓர் இடம் காலியானது. அணிக்கு ஆறு பேர். தலைவி ஒரு பல் டாக்டர். எல்லாரையும் வாயைத் திறக்கச் சொல்வதுபோலவே பேசுவாள். அவள் ஒருநாள் கடைக்கு வந்து ஒரு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஒரு இடம்தான் இருக்கு. கேக்குறது ரெண்டு பேரு. நீங்களும் பேக்கரி அக்காவும். வர்ற சனிக்கிழமைக்கு அடுத்த சனி ரெண்டு பேரும் சேர்ந்து ஆடுங்க. யாரு கம்மியான அடியில முடிக்கிறாங்களோ அவங்க உள்ள."

"சரி டாக்டர்."

"அப்புறம் அந்தப் பை வேலையெல்லாம் ஆகாது. அணி ஆடப் போற போட்டியில விதி இருக்கு. முதல் குழியிலேருந்து கடைசிக் குழி வரைக்கும் ஒரே கம்பெனி, ஒரே வகைப் பந்து. தொலைஞ்சா அதே வகையில இன்னொண்ணு எடுத்துக்கலாம். மாத்தக் கூடாது. அதனால இங்கயும் அப்படித்தான் ஆடணும். உங்களுக்குன்னு ஒரு பந்தைத் தேர்ந்தெடுங்க."

டாக்டர் போன பிறகு சித்தி கண்ணாடிப் பக்கம் திரும்பி நின்றாள். எதிரே பச்சை மேட்டில் யாரோ ஒருவர் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"போட்டி எங்க சித்தி?" என்றேன்.

"கடலோரமா ஒரு ஊரு. பஸ்ல கூட்டிட்டுப் போவாங்க. ரெண்டு ராத்திரி தங்கணும்."

அவள் 'தங்கணும்' என்று சொன்ன விதத்தில்தான் எனக்குப் புரிந்தது. சித்தி தன் ஊரைத் தாண்டி எங்கும் தங்கியதில்லை. பிறந்தது, படித்தது, கல்யாணம் செய்துகொண்டது எல்லாம் நடந்துபோகிற தூரத்தில். பகலில் வெளியூர் போனாலும் இருட்டுவதற்குள் திரும்பிவிடுவாள். கடை இருக்கிறது, சித்தப்பா இருக்கிறார், யாருக்காவது காய்ச்சல் இருக்கிறது. நான் விமான நிலையத்து நாற்காலியில், ரயில் பெட்டியில், தெரியாதவர் வீட்டு சோபாவில் தூங்கிய கதைகளைச் சொல்லும்போது அவள் கடல், மலை பற்றி ஒன்றும் கேட்டதில்லை. "தலையணை எப்படி இருந்துச்சு? காலையில கண்ணு முழிச்சதும் எங்க இருக்கோம்னு தெரியாம ஒரு நிமிஷம் முழிப்பியா?" என்றுதான் கேட்பாள்.

"முழிப்பேன்" என்பேன்.

"எனக்கு அந்த ஒரு நிமிஷம் வேணும்டி" என்றாள் அன்றைக்கு.

சித்தி தனக்கென்று ஒன்று வேண்டும் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பந்து தேடல் ஆரம்பமானது. பந்துக்கடைக்காரன் அவளை வலைக்கு முன்னால் நிறுத்தி, பெரிய மட்டையால் அடிக்கச் சொல்லி, வேகம் காட்டும் ஒரு பெட்டியில் மினுங்கிய எண்களைப் பார்த்துவிட்டு, "மேடம், உங்க வீச்சு வேகம் கம்மி. தூரம் போற பந்து எடுத்துக்கோங்க" என்றான். பல் டாக்டர், தான் ஆடும் பந்தைச் சொன்னாள். உள்ளே அடுக்கடுக்காக வைத்துச் செய்தது, அதைவிட்டால் வேறு இல்லை என்றாள். போட்டிக்கு நிற்கும் பேக்கரி அக்காவோ தேநீர்க் கடையில் சித்தியின் தோளில் தட்டி, "அடப் போம்மா, பந்துன்னா உருண்டையா இருக்கணும். அவ்வளவுதான்" என்றாள். அவளுக்குக் கை நிறைய மாவு பிசைந்த பலம். எதை அடித்தாலும் தூரம் போகும்.

சித்தி யார் பேச்சையும் தள்ளவுமில்லை, கொள்ளவுமில்லை. வகைக்கு ஒரு பந்து வாங்கிவந்து ஒரு கிண்ணத்தில் போட்டாள். பிறகு தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினாள். ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள். நகத்தால் மேல்தோலைத் தொட்டாள். காதருகே வைத்துத் தட்டினாள். ஒவ்வொன்றையும் ஒரு ராத்திரி உள்ளங்கையில் வைத்துக்கொண்டே தூங்கினாள்.

காலையில் சித்தப்பா என்னிடம் முறையிட்டார். "உங்க சித்தி முட்டைய வச்சு அடைகாக்குறா. நான் புரண்டு படுத்தேன், விலாவுல ஒண்ணு குத்துது. என்னடான்னு பார்த்தா பந்து. நாளைக்குக் குஞ்சு பொரிச்சா நீதான் வளக்கணும்."

"உங்க குறட்டையில எந்த முட்டைங்க பொரியும்?" என்றாள் சித்தி சமையலறையிலிருந்து.

கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். பாலாடை நிறத்தில், பளபளப்பே இல்லாமல், இருப்பதிலேயே மெத்தென்ற பந்து. மட்டையால் தொட்டால் 'ப்' என்று ஒரு சின்ன ஓசை. அதுவும் பாதியில் நின்றுவிடும்.

"நான் லேசான ஆளு. வேகமும் கம்மி. லேசான ஆளுக்கு மெத்துனுதான் இருக்கணும். இத்தனை வருஷமா இதைத்தானே சொல்லி வித்துட்டு இருக்கேன்?" என்றாள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. எனக்கும் கோல்ஃபைப் பற்றி ஒன்றும் தெரியாது.

மறுநாள் விடியற்காலையில் நான் பையைத் தூக்கிக்கொண்டு அவளோடு நடந்தேன். பனி இன்னும் விலகவில்லை. புல் ஈரமாக இருந்தது. நடந்த தடம் பின்னாலேயே ஒரு கறுத்த கோடாக வந்தது. சித்தி அடிப்பது அவசரமில்லாத அடி. மட்டையைத் தூக்கும்போது எதையோ நினைத்துக்கொள்வதுபோல ஒரு கணம் நிற்பாள். பிறகு வீசுவாள். அந்தப் பந்து சத்தமில்லாமல் கிளம்பிப் பனிக்குள் போய் மறையும். விழுகிற ஓசையும் கேட்காது. நாங்கள் நடந்துபோனால் எங்கேயோ ஓரிடத்தில், முதலிலிருந்தே அங்கே இருந்ததுபோலக் கிடக்கும். எனக்கு அந்தக் காலை மிகவும் பிடித்திருந்தது. பேசாமல் இப்படியே நடந்துகொண்டிருந்தால் போதும் என்று தோன்றியது; எனக்கு அப்படித் தோன்றுவது அபூர்வம்.

ஆனால் குழிக்குப் பக்கத்தில் வந்ததும் கதை மாறியது. குழியைச் சுற்றி வழித்துவிட்டதுபோல் புல் குட்டையாக இருக்கும். அங்கே பந்தைத் தூக்கி அடிக்க முடியாது. 'புட்டர்' என்கிற சப்பை மட்டையால் உருட்டிக் குழியில் தள்ள வேண்டும். சித்தி உருட்டினாள். பந்து நேராகப் போய்க் குழிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அடுத்த குழியிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். திசை தப்பவேயில்லை. ஒவ்வொரு தடவையும் வாசல் வரை வந்துவிட்டு உள்ளே வரக் கூச்சப்படும் விருந்தாளி மாதிரி நின்றது.

"ஏன் சித்தி நின்னுடுது?"

"தூங்கிடுதுடி" என்றாள் செல்லமாக.

"நீ இன்னும் கொஞ்சம் வேகமாத் தள்ளேன்."

"தள்ளிட்டுத்தான் இருக்கேன். எவ்வளவு தள்ளினேன்னு கைக்குத் தெரிய மாட்டேங்குது."

ஒவ்வொரு குழியிலும் ஒரு அடி வீணானது. தேநீர்க் கடையில் உட்கார்ந்து மொத்தத்தைக் கூட்டினாள். பழைய கதம்பப் பந்துகளோடு ஆடியதைவிட அதிகம் வந்தது. பேக்கரி அக்கா வழக்கமாக ஆடுவதைவிட நிறையவே அதிகம்.

"பழகினாச் சரியாயிடும்" என்றாள் சித்தி. யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

அந்த வாரம் முழுக்க விடியலில் போனோம். பனி, ஈரம், 'ப்' என்ற ஓசை, ஒரு சாண் மிச்சம். நான் ஒருநாள், "வேற பந்து பார்ப்போமா?" என்று கேட்டதற்கு, "உனக்கென்ன, ஒண்ணு பிடிக்கலைன்னா அடுத்த ஊருக்குக் கிளம்பிடுவ" என்றாள். சுருக்கென்றது.

வியாழக்கிழமை மதியம் கடைக்கு ஒரு பெண் வந்தார். நூலகத்தில் வேலை என்றார். காற்றடித்தால் கண்ணாடிக் கதவோடு சேர்ந்து திறந்துகொள்வார் போல அவ்வளவு ஒல்லி. சித்தி அவரைத் தலை முதல் கால்வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கடையிலேயே மிக மெத்தென்ற வெள்ளை மெத்தைக்குக் கூட்டிப்போனாள். அவர் செருப்பைக் கழற்றி, காலுறையையும் கழற்றி மடித்துவைத்துவிட்டு, ஏறிப் படுத்தார். மெத்தை அவரை அப்படியே வாங்கிக்கொண்டது. மூக்கு மட்டும்தான் வெளியே தெரிந்தது.

நாங்கள் கல்லாவுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தோம். அவர் தூங்கவில்லை. இந்தப் பக்கம் திரும்பினார். அந்தப் பக்கம் திரும்பினார். கடைசியில் எழுந்து உட்கார்ந்து தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்.

"பிடிக்கலையாங்க?" என்று சித்தி போனாள்.

"சுகமாத்தான் இருக்கு. ஆனா தூக்கம் வரலை."

"உங்க உடம்புக்கு இதுதாங்க சரி. புதுசுல அப்படித்தான் இருக்கும்."

"இல்லைங்க. எப்படிச் சொல்றது... நான் எங்க முடியறேன், மெத்தை எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியலை. திரும்பினேனா இல்லையான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. எனக்குக் கீழ ஏதாவது ஒண்ணு இருக்குன்னு முதுகுக்குத் தெரியணும்." சுற்றிலும் பார்த்துவிட்டு, பாறை மாதிரி இருந்த ஓரத்து மெத்தையைக் காட்டினார். "அது என்ன?"

"அது ரொம்பக் கெட்டிங்க. பெரிய உடம்புக்காரங்க வாங்குறது."

"படுத்துப் பார்க்கலாம்ல?"

படுத்தார். ஒரு கையைக் கன்னத்துக்கடியில் வைத்தார். சித்தி திரும்பி வந்து நாற்காலியில் உட்காருவதற்குள் அவருடைய மூச்சு சீராகிவிட்டது. மதிய வெயில் அவருடைய வெறும் பாதங்கள்மேல் விழுந்து, மெல்ல நகர்ந்து, தரைக்கு இறங்கியது. இன்னொரு வாடிக்கையாளர் வந்தபோது சித்தி உதட்டில் விரல் வைத்து அவரை அடுத்த கட்டிலுக்கு அனுப்பினாள்.

தூங்கி எழுந்த அந்தப் பெண் கெட்டி மெத்தையையே வாங்கிக்கொண்டு போனார். அவர் போன பிறகு சித்தி மேசை இழுப்பறையைத் திறந்து பாலாடைப் பந்தை எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள்.

"எவ்வளவு தள்ளினேன்னு கைக்குத் தெரியலைன்னு அன்னிக்கு நான்தானே சொன்னேன்?" என்றாள்.

"ஆமா."

"அவங்க முதுகு மாதிரிதான் என் கையும்னு அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். கழுதை, நான் பாட்டுக்குப் பந்துக்கு மெத்தை வித்துட்டு இருந்திருக்கேன்."

அன்று சாயங்காலம் கிண்ணம் மறுபடி நடுக்கூடத்துக்கு வந்தது. இந்தத் தடவை சித்தி தலைகீழாக ஆரம்பித்தாள். பெரிய மட்டையைத் தொடவே இல்லை. "தூரத்து அடி ஒரு குழிக்கு ஒண்ணுதான். உருட்டுறது ரெண்டு மூணு. அடி எங்க அதிகமோ அங்கேருந்துதான் பார்க்கணும்" என்று, நீண்ட நடைவழியின் ஒரு கோடியில் தேநீர்க் கோப்பையைச் சாய்த்துவைத்து, மறுகோடியில் புட்டரோடு நின்றாள்.

சித்தப்பா பக்கத்து அறையில் கட்டிலில் சாய்ந்து காலை நீட்டியிருந்தார். சித்தி ஒரு பந்தை உருட்டினாள்.

"அது ஓரத்துல பட்டுச்சு" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

சித்தி என்னைப் பார்த்தாள். கோப்பைக்கு இடப்பக்கம் பந்து விலகிப் போயிருந்தது. இன்னொன்று உருட்டினாள்.

"இது சரியா நடுவுல."

கோப்பை 'டிங்' என்றது.

"உங்களுக்கு எப்படிங்க தெரியுது?"

"மோட்டார் எங்க தேயுதுன்னு பத்து மாடி தள்ளி நின்னு கேக்குறவன்டி நான். மட்டை நடுவுல பட்டா ஒரு சத்தம், நுனியில பட்டா ஒரு சத்தம். நீ அடி, நான் சொல்றேன்."

சித்தி பாலாடைப் பந்தை வைத்தாள். அடித்தாள். உள்ளே அமைதி.

"என்னங்க?"

"அடிச்சிட்டியா?"

"அடிச்சாச்சு."

"கேக்கவே இல்லையே மகாராணி."

நான் சிரித்துவிட்டேன். சித்தி சிரிக்கவில்லை. கிண்ணத்திலிருந்த ஒவ்வொன்றையும் எடுத்து உருட்டினாள்; ஓரம், நடு, நுனி, நடு என்று உள்ளேயிருந்து தீர்ப்பு வந்துகொண்டிருந்தது. சில பந்துகளில் அவரால் பாதி நேரம்தான் சொல்ல முடிந்தது. ஒன்றில் மட்டும் ஒருமுறைகூடத் தவறவில்லை. சாதாரண வெள்ளைப் பந்து, கொஞ்சம் கெட்டி, விலையும் அதிகமில்லை. அடித்தால் 'டக்' என்று பளிச்சென்று ஒரு ஓசை. மெதுவாக அடித்தால் சின்ன 'டக்', வேகமாக அடித்தால் பெரிய 'டக்'. கொஞ்ச நேரத்தில் அவர் சொல்வதற்கு முன்பே சித்தி, "இது நுனி", "இது நடு" என்று தானே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். மின்விளக்கு மஞ்சளாக எரிய, அந்த நடைவழியில் பந்துகள் போய்க்கொண்டும் நான் அவற்றைத் திருப்பி உருட்டிக்கொண்டும் இருந்தோம்.

"பிடிச்சிருக்கா சித்தி?"

"எங்க. கதவைத் தட்டுற மாதிரி இருக்கு" என்று முகத்தைச் சுளித்தாள். "ஆனா அடிச்சது எனக்குத் தெரியுது."

வெள்ளிக்கிழமை காலை மைதானத்தில் குழியருகே இருந்து தள்ளித் தள்ளிப் போய் அதே பந்தைச் சின்னத் தூக்கலாக அடித்தாள், அப்புறம் நடுத்தரமாக, கடைசியில்தான் பெரிய மட்டையால். தூரம் பாலாடைப் பந்தைவிடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "அப்ப தூரத்துல நஷ்டமில்லை" என்று சொல்லி, அதே வகையில் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டாள். கதம்பப் பையை வீட்டிலேயே விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை. சித்தப்பா வேலைக்கு லீவு போட்டுவிட்டு, கல்யாணத்துக்குப் போகிறவர்போல இஸ்திரிச் சட்டையில் வந்து ஓரமாக நின்றார். பேக்கரி அக்கா ஒரு பொட்டலம் பிஸ்கட் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தாள். சித்திக்கு மட்டும் இரண்டு.

"தெம்பா ஆடு. அப்பத்தான் உன்னைத் தோக்கடிச்சா எனக்குச் சந்தோஷமா இருக்கும்."

"வாய்க்குள்ள போட்டுட்டுப் பேசாதக்கா, பொடி பறக்குது."

பல் டாக்டர் அடிகளை எண்ண, இருவரும் ஆடினார்கள். நான் பையோடு பின்னால். பேக்கரி அக்காவின் பந்து மேகத்தைத் தொட்டுவிட்டு வரும். ஆனால் எங்கே வரும் என்று அவளுக்கே தெரியாது. சித்தியின் பந்து குறைந்த தூரம், நேரான தூரம். குழியருகே வந்தால் 'டக்'. இப்போது ஒரு சாண் மிச்சம் விழவில்லை. சில உள்ளே போயின. போகாதவை குழியைத் தாண்டிப் போய் நின்றன. குழியைத் தாண்டிப் பந்து போனதைச் சித்தி வினோதமாகப் பார்த்தாள், யாரோ வேறு ஒருத்தி அடித்ததுபோல.

குளத்துக்கு வந்தபோது அடிக் கணக்கில் சித்திக்கு ஒன்று குறைவு, அவள்தான் முன்னால் இருந்தாள். வானம் முழுக்கக் குளத்துக்குள் கிடந்தது. அவளுடைய கை வழக்கம்போலப் பையின் பக்கவாட்டு உறைக்குள் போனது. உள்ளே மோசமான பந்து எதுவும் இல்லை. எல்லாம் ஒன்றுபோல வெள்ளை. கையை வெளியே எடுத்தாள்.

"போனாப் போகுதுன்னு அடிக்க இது அந்தப் பந்து இல்லையே" என்றாள் என்னிடம், சின்னக் குரலில்.

அடித்தாள். 'டக்' என்ற ஓசையைக் கேட்டதுமே, "நுனி" என்றாள். பந்து அக்கரைக்குக் கொஞ்சம் முன்னால் தண்ணீரில் விழுந்தது. வட்டம் வட்டமாக வானம் கலைந்தது. ஓரத்தில் சித்தப்பா தலையில் கைவைத்துக்கொண்டார். பேக்கரி அக்கா, "அடடா" என்றாள். அதில் நிஜமான வருத்தமும் இருந்தது, நிஜமான சந்தோஷமும் இருந்தது.

தண்ணீரில் போனதற்கு ஓர் அடி அபராதம். மற்ற நாளாக இருந்தால் சித்தி அதோடு சோர்ந்துபோவாள். அன்று பையிலிருந்து அதே மாதிரி இன்னொன்றை எடுத்தாள். "நுனியில பட்டுச்சு. அவ்வளவுதானே. தெரிஞ்சுதானே போச்சு?" என்று இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நின்று, அதே வேகத்தில், மட்டையைத் தூக்கி ஒரு கணம் நினைத்துப் பார்த்து, வீசினாள். ஓசை வேறாக இருந்தது. பந்து அக்கரையில் விழுந்து இரண்டு துள்ளுத் துள்ளி நின்றது. நான் நடந்து சுற்றிக்கொண்டு போகும்வரை குளத்தின் வட்டங்கள் அடங்கவில்லை.

இப்போது பேக்கரி அக்கா முன்னால். அடுத்தடுத்த குழிகளில் அவள் ஒருமுறை மரத்துக்குள் அடித்தாள். சித்தி ஒருமுறை மணல் பள்ளத்தில் மாட்டினாள். கடைசிக் குழிக்கு வரும்போது இருவரும் சமம்.

கடைசிக் குழியின் வழித்த புல் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். பேக்கரி அக்காவின் பந்து குழிக்கு மிக அருகில் நின்றது. இன்னும் ஒரே தட்டு. அதை அவள் விடமாட்டாள் என்பது எல்லாருக்கும் தெரியும். அடி எண்ணிக்கையில் அவளைவிட ஒன்று குறைவாக இருந்த சித்தியின் பந்தோ மேட்டின் அந்தக் கோடியில் கிடந்தது. அங்கிருந்து ஒரே உருட்டில் உள்ளே போனால் இடம் சித்திக்கு. இரண்டு உருட்டு என்றால் சமம். முதலிலிருந்து இன்னொரு நாள். மூன்று என்றால் கடலோரத்துக்குப் பேக்கரி அக்கா போவாள்.

சித்தி உட்கார்ந்து சரிவைப் பார்த்தாள். எழுந்தாள். புட்டரைப் பந்துக்குப் பின்னால் வைத்தாள். பிறகு யாருமே எதிர்பாராதபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

டக்.

"நடு" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

பந்து கிளம்பியது. முதலில் குழிக்குச் சம்பந்தமே இல்லாத பக்கமாகப் போனது. மேட்டின் முதுகில் ஏறியது. அங்கே நிற்கப்போவதுபோல வேகம் குறைந்தது. எனக்கு அந்தப் பழைய ஒரு சாண் ஞாபகம் வந்தது. நிற்கவில்லை. திரும்பியது. யாரோ கையைப் பிடித்துக் கூட்டிப்போவதுபோல மெல்லச் சரிவில் இறங்கி, வேகம் எடுத்து, குழியின் பின்விளிம்பில் முட்டி, ஒரு விரற்கடை உயரத்துக்கு எகிறி, உள்ளே விழுந்தது. குழிக்குள் அது உருளும் ஓசை கேட்ட பிறகுதான் சித்தி கண்ணைத் திறந்தாள்.

சித்தப்பா ஓடிவரக்கூடாத புல்லில் செருப்போடு ஓடிவந்துவிட்டார். பல் டாக்டர், "செருப்பு, செருப்பு!" என்று கத்தினாள். பேக்கரி அக்கா தன் பந்தைத் தட்டி முடித்துவிட்டு வந்து சித்தியைத் தூக்கியே விட்டாள்.

"பாவி, உன்கிட்ட வாங்கின மெத்தையிலதான் இவ்வளவு நாள் தூங்கினேன். இன்னிக்கு ராத்திரி தரையில படுக்கப்போறேன் பாரு."

"முதுகு வலிச்சா கடைக்கு வாக்கா."

"வந்து என்ன பிரயோஜனம், கடையில நீ இருக்க மாட்டியே. ஊருக்குல்ல போற?"

அந்தச் சொல்லைக் கேட்டதும் சித்தி அப்படியே நின்றுவிட்டாள். கண் கலங்கியதா, வெயிலா, தெரியவில்லை.

அவள் கிளம்பிய அன்று சித்தப்பா பேருந்து நிறுத்தம் வரை போய், தலையணையை மறந்துவிட்டாள் என்று வீட்டுக்கு ஓடிவந்தார். வேண்டுமென்றே வைத்துவிட்டுப் போயிருந்தாள். கடையை நான் பார்த்துக்கொண்டேன். எனக்கு மெத்தை விற்கத் தெரியாது. ஆனால் "கண்ணை மூடிக்கோங்க" என்று சொல்லத் தெரியும். தூங்குகிறவர்களுக்கு நடுவே உட்கார்ந்து எதிரே பச்சை மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அடுத்த ஊர் எது என்ற யோசனை வந்தது. வந்து, அவசரப்படுத்தாமல் ஓர் ஓரமாக உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் காலையில் கடையைத் திறக்கும்போதே தொலைபேசி அடித்தது. காற்று இரைச்சலோடு சித்தியின் குரல்.

"ஏய், கேக்குதா? பால்கனியில நிக்கிறேன். எதிர்ல கடலு."

"தூங்கினியா?"

"எங்க தூங்க! என்ன மெத்தைடி இது, நடுவுல பள்ளம். உருண்டு உருண்டு பள்ளத்துக்கே போயிடறேன். எந்த மகராசன் இவங்களுக்கு வித்தானோ, தெரிஞ்சா உதைப்பேன். ரெண்டு பக்கமும் மாத்தி மாத்திப் படுத்துப் பார்த்தேன். அப்புறம் விடியற நேரத்துல எப்படியோ கண்ணு அசந்துடுச்சு."

"முழிச்சப்போ?"

அந்தப் பக்கம் பால்கனிக் கதவை இழுத்துச் சாத்தும் ஓசை கேட்டது.

"ஜன்னல் இந்தப் பக்கம் இருக்கவேண்டியது அந்தப் பக்கம் இருந்துச்சு. சுவரு ஏதோ நீலமா... யாரோ பக்கத்துல மூச்சு விடுறாங்க, உங்க சித்தப்பா மூச்சு இல்லை, பல் டாக்டரு. எங்க இருக்கேன்னே தெரியலைடி. யாருன்னுகூடத் தெரியலை. அப்படியே கெடந்தேன். ஞாபகம் வந்துடக் கூடாதுன்னு அசையாம கெடந்தேன்."

பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "தோ வரேன் டாக்டர்!" என்று கத்தினாள். பிறகு என்னிடம், "இங்க காத்து ஆளையே தூக்குது. எல்லாரும் காலையில பந்தைப் பத்தித்தான் பேசுறாங்க, காத்துக்கு இது தாங்குமா அது தாங்குமான்னு. என்னையும் கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"என் பந்து இதுதாங்க, காத்து அது வேலையைப் பார்க்கட்டும்னேன். சரி வையி, முதல்ல நான்தான் அடிக்கணுமாம்."